சர்வே எண்ணும் ஒரு பெயர்தான்: ஆய்வுத் தரவை யாருக்கு எவ்வளவு திறப்பது

போர்வெல் தண்ணீரின் உப்பு, நிலத்தின் குத்தகை, வீட்டுக் கடன் மூன்றையும் ஒரே கேள்வித்தாளில் கேட்கும் ஆய்வுகள் காவிரி டெல்டாவின் கடைமடைக் கிராமங்களில், அதாவது வாய்க்காலின் கடைசியில் தண்ணீர் வாங்கும் ஊர்களில், அடிக்கடி நடக்கின்றன. ஆய்வு முடிந்ததும் கோப்பு போகும் வழி பெரும்பாலும் இரண்டுதான். ஒன்று, ‘லிங்க் வைத்திருப்பவர் யாரும் பார்க்கலாம்’ என்று கூகுள் டிரைவில் கிடக்கும். இல்லாவிட்டால் திட்ட அலுவலரின் மடிக்கணினியோடு சேர்ந்து அவருடைய அடுத்த வேலைக்குப் போய்விடும். முதல் வழியில் குத்தகைக்காரர் மாட்டிக்கொள்கிறார். இரண்டாம் வழியில், அடுத்த போர் எங்கே போடலாம் என்று யோசிக்கும் பக்கத்து ஊர் விவசாயிக்கு அந்த உப்புக் கணக்கு கிடைப்பதே இல்லை.

இரண்டுக்கும் மூல காரணம் ஒன்றே: ஆய்வுத் தரவு முழுவதையும் ஒரே மூட்டையாகக் கட்டி, அதற்கு ஒரே பூட்டுப் போடப் பார்ப்பது. யார் எவ்வளவு பார்க்கலாம் என்ற அணுகல் நிலையை நெடுவரிசை (காலம்) நெடுவரிசையாகத்தான் முடிவு செய்ய வேண்டும். ஒரே ஆய்விலிருந்து நான்கு கோப்புகள் பிறக்கலாம். நான்கும் நான்கு விதமாகத் திறக்கலாம்.

விளக்கத்துக்கு இப்படி ஓர் ஆய்வை வைத்துக்கொள்வோம்: வேதாரண்யம், திருத்துறைப்பூண்டிப் பக்கம் 12 ஊர், ஊருக்கு 30 வீடு, மொத்தம் 360 வீடு. ஆய்வு கற்பனைதான். அதில் வரும் சிக்கல்கள் கற்பனை இல்லை.

ஐந்து நிலைகள்

இந்திய அரசு 2012இல் வெளியிட்ட தேசியத் தரவுப் பகிர்வுக் கொள்கை அணுகலை மூன்றாகப் பிரிக்கிறது: திறந்தது, பதிவு செய்து பெறுவது, கட்டுப்படுத்தியது. பிரிட்டனின் ஆய்வுத் தரவுக் களஞ்சியமான யுகே டேட்டா சர்வீஸிலும் மூன்று நிலைதான். கள ஆய்வுக்கு ஐந்தாக வைத்துக்கொள்வது கைக்கு வசதி.

முதல் நிலையில் யாரும் எடுக்கலாம், பெயர்கூடச் சொல்ல வேண்டாம். இரண்டாம் நிலையில் பெயர், மின்னஞ்சல், எதற்காக என்ற இரண்டு வரி, ‘ஆட்களை அடையாளம் காண முயல மாட்டேன்’ என்ற ஒப்புதல் ஆகியவற்றைக் கொடுத்துவிட்டு எடுக்கலாம். யாரும் உட்கார்ந்து பரிசீலிப்பதில்லை. மூன்றாம் நிலையில் விண்ணப்பம் உண்டு, பரிசீலனை உண்டு, கேட்பவரின் நிறுவனம் கையெழுத்திட்ட ஒப்பந்தமும் உண்டு. நான்காம் நிலையில் கோப்பு வெளியே போகாது. கேட்பவர் வந்து, இணைய இணைப்பில்லாத ஒரு கணினியில் வேலை செய்துவிட்டு, முடிவு அட்டவணையை மட்டும் நாம் பார்த்த பிறகு எடுத்துப் போகலாம். ஐந்தாம் நிலையில் தரவு யாருக்கும் இல்லை. ஆனால் ‘இப்படி ஒரு தரவு இருக்கிறது, இன்ன காரணத்தால் தருவதில்லை’ என்ற விவரம் முதல் நிலையில் திறந்திருக்க வேண்டும். இருப்பதையே மறைப்பது ஒரு நிலை ஆகாது.

காலத்தடை என்பது தனி நிலை அல்ல. ‘கட்டுரை வெளிவரும் வரை’ என்பது ஒரு தேதி, அவ்வளவே. அந்தத் தேதிக்குப் பிறகு கோப்பு எந்த நிலைக்குப் போகும் என்பதை இன்றைக்கே எழுதிவிடுங்கள். கட்டுரையின் கடைசியில் போடும் ‘கேட்டால் தரப்படும்’ என்ற வரியும் அப்படித்தான். யாரிடம் கேட்பது, எத்தனை நாளில் பதில் வரும், எந்தக் காரணத்துக்காக மறுப்பார்கள் என்பவை இல்லாத அந்த வரிக்கு ‘தர மாட்டோம்’ என்றே பொருள்.

ஒப்புதல் படிவம்தான் மேல்வரம்பு

எந்த நெடுவரிசையை எங்கே வைக்கலாம் என்று யோசிப்பதற்கு முன் ஒப்புதல் படிவத்தை எடுத்துப் படியுங்கள். நம் ஊர்ப் படிவங்களில் வழக்கமாக இருக்கும் வாசகம்: ‘தாங்கள் தரும் விவரங்கள் ரகசியமாக வைக்கப்பட்டு இந்த ஆய்வுக்கு மட்டுமே பயன்படுத்தப்படும்.’ நல்ல எண்ணத்தில் எழுதியதுதான். ஆனால் ‘இந்த ஆய்வுக்கு மட்டுமே’ என்ற மூன்று சொல், வீட்டுவாரியான கோப்பு எதையும், பெயரை எடுத்த பிறகும், வெளியே தர விடாமல் கையைக் கட்டிவிடும். அப்படிக் கையெழுத்து வாங்கியிருந்தால் கூட்டுத்தொகைகளையும், கிணறு, மண், மழை போன்ற ஆள் சம்பந்தமில்லாத அளவீடுகளையும் மட்டும் திறக்கலாம். மற்றதற்குத் திரும்பப் போய்க் கேட்க வேண்டும்.

இனி தொடங்கும் ஆய்வுக்கு இப்படி எழுதலாம்; எழுதியதை வாசித்தும் காட்ட வேண்டும்: ‘ஐயா/அம்மா, உங்கள் பெயரும் போன் நம்பரும் எங்கள் குழுவைத் தாண்டிப் போகாது. சர்வே எண் உள்ள கோப்பு எங்கள் கணினியை விட்டு வெளியே போகாது. பெயரையும் ஊரையும் எடுத்துவிட்டு, தண்ணீர், நிலம், மகசூல் விவரங்களை எல்லாரும் பார்க்கும்படி வெளியிடுவோம். குத்தகை, கடன் விவரங்களை வேறு ஆராய்ச்சியாளர் கேட்டால், எழுதி வாங்கிக்கொண்டுதான் கொடுப்போம். இதில் எது வேண்டாம் என்றாலும் சொல்லுங்கள், பேட்டி நிற்காது.’ ஒவ்வொரு வாக்கியத்துக்கும் தனித்தனி ‘சரி/வேண்டாம்’ கட்டம் வையுங்கள். அந்தக் கட்டங்களே கோப்பில் தனி நெடுவரிசைகளாக ஏற வேண்டும். கோப்பைப் பிரிக்கும்போது வடிகட்டுவது அவற்றை வைத்துத்தான். பெட்டியில் அடுக்கி வைத்த 360 தாளைப் புரட்டி யாரும் வடிகட்டப் போவதில்லை.

‘ஆய்வு முடிந்ததும் தரவை அழித்துவிடுவோம்’ என்று மட்டும் எழுதாதீர்கள். நெறிமுறைக் குழுவுக்குப் பிடிக்கும் என்று பலர் சேர்க்கிறார்கள். பத்து வருடம் கழித்து உப்பு எவ்வளவு ஏறியது என்று ஒப்பிட வருகிறவருக்குப் பிறகு எதுவும் மிஞ்சாது.

2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஆராய்ச்சிக்கும் ஆவணக் காப்புக்கும் விலக்குத் தருகிறது. ஆனால் அந்தத் தரவைக் கொண்டு குறிப்பிட்ட ஒருவர் மீது எந்த முடிவும் எடுக்கக் கூடாது, வரையறுத்த தரங்களைப் பின்பற்ற வேண்டும் என்ற நிபந்தனைகள் உண்டு. கடன் விவரத்தை ஆராய்ச்சிக்கென்று வாங்கிப்போய் ஒருவருக்குக் கடன் கொடுக்கலாமா வேண்டாமா என்று பார்த்தால் விலக்கு போயிற்று. உடல்நலக் கேள்விகள் இருந்தால் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு நெறிமுறைகளும் சேரும். ஆதார் எண்ணை வாங்கவே வாங்காதீர்கள். ஆய்வுக்கு அது தேவைப்படும் இடம் அநேகமாக இல்லை.

ஒரு வரிசையைப் பிரித்துப் பார்ப்போம்

கோப்பிலிருந்து ஒரே ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். பெயர், போன் எண் இருக்கின்றன. கீழத்தெரு. குடும்பத் தலைவர் பெண், வயது 61, கணவர் இல்லை. சர்வே எண் 112/3. நிலம் 7 மா (ஒரு மா 33 சென்ட்), கோயில் நிலம், வாய்மொழிக் குத்தகை. போர் 60 அடி. தண்ணீரின் இ.சி. (உப்பைக் காட்டும் மின்கடத்துத்திறன்) 3.41. சம்பா மகசூல் மாவுக்கு 6 மூட்டை. தனியார் கடன் 80,000 ரூபாய். குறிப்பு: ‘மகன் திருப்பூரில். போன வருஷம் இறால் குட்டைக்காரரோடு தகராறு.’

பெயரையும் போன் எண்ணையும் எடுத்துவிட்டால் போதும் என்றுதான் முதலில் தோன்றும். மிச்சத்தைப் பாருங்கள்.

சர்வே எண் இருந்தால் பெயர் இருப்பதாகவே அர்த்தம். தமிழ்நாடு அரசின் நில ஆவண இணையச் சேவையில் மாவட்டம், வட்டம், கிராமம், புல எண், உட்பிரிவு கொடுத்தால் பட்டாதாரர் யார் என்று வந்துவிடும். இங்கே பட்டா கோயில் பெயரில் வரும். ஆனால் அந்தக் கோயில் நிலத்தில் 112/3ஐ உழுவது யார் என்று ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். தனியார் நிலமாக இருந்தால் இன்னும் மோசம்: வாய்மொழிக் குத்தகை எழுத்தில் ஏறிய செய்தி உரிமையாளர் காதுக்குப் போனால், அடுத்த போகத்துக்கு ஆளை மாற்றிவிடலாம். பதிவில்லாத குத்தகைக்காரருக்குக் காட்ட ஒரு தாள்கூட இருக்காது.

தெருவின் பெயர், பல ஊர்களில், சாதி நெடுவரிசைதான். அக்ரகாரம், குடியானத் தெரு, காலனி என்று எழுதிவிட்டு ‘சாதி விவரம் நீக்கப்பட்டது’ என்று அடிக்குறிப்புப் போடுவதில் பயனில்லை.

61 வயதுப் பெண் தலைவர், ஏழு மா, கோயில் நிலம்: முப்பது வீட்டில் இப்படி ஒருவர்தான் இருப்பார். அமெரிக்காவில் அஞ்சல் குறியீடு, பிறந்த தேதி, பாலினம் மூன்றே போதும், 87 விழுக்காட்டினரைத் தனித்து அடையாளம் காணலாம் என்று கணினி அறிவியலாளர் லதான்யா ஸ்வீனி 2000இல் காட்டினார். நம் கடைமடை ஊருக்குப் பிறந்த தேதிகூட வேண்டாம்.

பலரும் தவறவிடுவது இ.சி. 3.41. தண்ணீர் சோதனை முடிவை ஒவ்வொரு வீட்டுக்கும் சீட்டாகக் கொடுத்திருப்போம். அது நல்ல பழக்கம். அந்தச் சீட்டு டீக்கடையில் கைமாறும், வாட்ஸ்அப்பில் போகும். திறந்த கோப்பிலும் 3.41 என்றே இருந்தால், அந்த இரண்டு தசமமே பெயரையும் வரிசையையும் கட்டும் கயிறு ஆகிவிடும். துல்லியமான எண் எதுவும் ஓர் அடையாளம்தான்.

குறிப்பு நெடுவரிசையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். கேள்வி கேட்கப் போனவர் நல்ல மனசோடு எழுதிய வரி அது. கோப்பிலேயே ஆபத்தானதும் அதுதான்.

இனி அதே வரிசையைப் பிரிப்போம். முதல் நிலைக் கோப்பில் அது இப்படி நிற்கும்: கடலிலிருந்து 4–6 கி.மீ.; நிலம் 1–2.5 ஏக்கர், ஆழம் 50–75 அடி, இ.சி. 3.5, அதாவது அரைப் புள்ளிக்கு முழுமையாக்கியது. மகசூல் ஏக்கருக்கு 1,100 கிலோ. இந்தக் கடைசிக் கணக்கைக் கவனியுங்கள். 6 மூட்டை என்பதை 60 கிலோ மூட்டையாகக் கொண்டால் மாவுக்கு 360 கிலோ. ஒரு மா 33 சென்ட் என்பதால் ஏக்கருக்குச் சுமார் 1,090. அதே ஊரில் நேரடிக் கொள்முதல் நிலையத்தை மனத்தில் வைத்துப் பதில் சொன்னவரின் மூட்டை 40 கிலோ. எந்த மூட்டை என்று விளக்கக் குறிப்பில் எழுதாவிட்டால் தரவைத் திறந்தும் பயனில்லை, எடுத்தவர் தப்பாகத்தான் கணக்கிடுவார்.

இரண்டாம் நிலையில் வயது 60க்கு மேல், தலைவர் பெண் என்பவை சேரலாம், கடலிலிருந்து உள்ள தூரம் ‘10 கி.மீ.க்குள்’ என்று அகலமானால். மூன்றாம் நிலையில் ஊருக்கு ஒரு குறியீடு, குத்தகை வகை, கடன் அடுக்கு, 50,000 முதல் 1,00,000 வரை என்பதுபோல. நான்காம் நிலையில் சர்வே எண், துல்லியமான ஜிபிஎஸ், 3.41. பெயர், போன், குறிப்பு மூன்றும் ஐந்தாம் நிலை.

ஒவ்வொரு கோப்பிலும் வீட்டுக்கு வேறு வேறு எண் கொடுங்கள், வரிசைகளின் அடுக்கையும் கலைத்துவிடுங்கள். ஒரே எண்ணும் ஒரே அடுக்கும் இருந்தால், முதல் நிலையையும் இரண்டாம் நிலையையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி மூன்றாம் நிலையைக் கட்டிவிடலாம். எண் கொடுக்கும்போது போன் எண்ணை ஹாஷ் செய்து, அதாவது ஒரு சூத்திரத்தால் வேறொரு எழுத்துக்கோவையாக மாற்றி, போடுவது ஒரு பரவலான தவறு. இந்தியக் கைபேசி எண் பத்து இலக்கம், 6 முதல் 9 வரை ஏதோ ஒன்றில் தொடங்கும்; ஆக மொத்தம் 400 கோடி வாய்ப்புதான். சாதாரணக் கணினியே எல்லாவற்றையும் ஹாஷ் செய்து நிமிடக் கணக்கில் ஒப்பிட்டுவிடும். குலுக்கல் எண்தான் சரி.

எண்ணிப் பார்த்தல்

கண்ணால் பார்த்து ‘அடையாளம் தெரியாது’ என்று சொல்ல முடியாது, எண்ண வேண்டும். எக்செல்லோ லிப்ரே ஆபீஸோ போதும். பிவட் டேபிள் (வகைவாரியாக எண்ணிக் காட்டும் அட்டவணை) திறந்து, ஊர், நில அளவு அடுக்கு, தலைவர் ஆண்/பெண், குத்தகை வகை நான்கையும் வரிசைப் பக்கம் போட்டு, மதிப்புக்கு எண்ணிக்கையைக் கேளுங்கள்.

நம் எடுத்துக்காட்டில் 12 ஊர், 4 நில அடுக்கு, 2 பால், 3 குத்தகை வகை: 288 கட்டம். வீடு 360. கட்டத்துக்கு ஒன்றேகால் வீடு. கோப்பு முழுக்கத் தனி ஆட்கள்தான் நிற்கிறார்கள் என்று பொருள். 5க்குக் கீழே உள்ள கட்டம் எதுவும் வெளியே தரும் கோப்பில் இருக்கக் கூடாது என்று வைத்துக்கொண்டு, இணைக்கத் தொடங்குங்கள். முதலில் ஊர்களை இணையுங்கள். அகர வரிசையில் இணைக்காதீர்கள். ஒரே வாய்க்காலில் தண்ணீர் வாங்கும் ஊர்களாக இணைத்தால் தலைமடை, கடைமடை வேறுபாடு பிழைக்கும், ஆய்வின் உயிர் போகாது. 12 ஊரை 3 வாய்க்கால் தொகுதியாக்கி, நில அடுக்கை 3 ஆக்கி, குத்தகையைச் சொந்தம்/குத்தகை என்று 2 ஆக்கினால் 36 கட்டம், சராசரி 10. இன்னும் சில கட்டங்கள் 5க்குக் கீழே நிற்கும். அந்த வரிசைகளில் மட்டும் ஒரு மதிப்பைக் காலியாக்கிவிடலாம். வேலை பெரிதானால் ஆர் என்ற நிரல் மொழியில் எஸ்டிசி-மைக்ரோ என்ற இலவசத் தொகுப்பு இதையே செய்யும்.

எண்ணிக்கை சரியாக இருந்தும் ஒழுகும் இடம் இரண்டு உண்டு. ஒரு கட்டத்தில் ஆறு வீடு, ஆறுமே ‘தனியாரிடம் கடன்’ என்று சொல்லியிருந்தால், யார் எந்த வரிசை என்று தெரியவே வேண்டாம். அந்த ஆறில் ஒருவர் என்று தெரிந்தாலே கடன் தெரிந்துவிடும். ஆகவே கட்டத்துக்குள் பதில்கள் கலந்திருக்கின்றனவா என்றும் பாருங்கள். இன்னொன்று கழித்தல். ஒரு வாய்க்கால் தொகுதியின் மொத்தக் குத்தகைக்காரர் 43 என்று மார்ச்சில் வெளியிட்டு, ஒரு குடும்பம் விலகிய பிறகு ஜூனில் 42 என்று புதிய பதிப்புப் போட்டால், விலகியவர் குத்தகைக்காரர் என்று நாமே அறிவித்த மாதிரி. பதிப்புகளுக்கிடையே மாற்றங்களைச் சேர்த்துவைத்து ஒன்றாக வெளியிடுங்கள், மொத்தங்களை ஐந்தின் மடங்காக்குங்கள்.

ஊருக்குத் திருப்பிக் கொடுக்கும் ஒரு பக்க அறிக்கைக்கு 5 போதாது, 10 வையுங்கள். சென்னையிலோ லண்டனிலோ இருக்கும் ஆராய்ச்சியாளருக்கு ஏழு மா, கோயில் நிலம் என்பதெல்லாம் வெறும் எண்கள். அடுத்த வயல்காரருக்கு அது ஒரு முகம்.

இடத்தை மங்கலாக்குதல்

ஜிபிஎஸ் எண்ணில் ஐந்தாம் தசமம் சுமார் 1.1 மீட்டர்; நான்காவது 11 மீட்டர்; மூன்றாவது 110 மீட்டர்; இரண்டாவது 1.1 கி.மீ. மூன்று தசமத்தில் நிறுத்தினால் மறைந்துவிடும் என்று நம்புகிறவர்கள் செயற்கைக்கோள் படத்தைத் திறந்து பார்க்க வேண்டும். திறந்த வயலில் 110 மீட்டருக்குள் ஒரே ஒரு பம்புசெட் கொட்டகைதான் தெரியும்.

தேசியக் குடும்ப நல ஆய்வில் கையாளும் முறை வேறு. அங்கே கிராமத் தொகுதிப் புள்ளிகளை 5 கி.மீ. வரையும், நூற்றுக்கு ஒன்றை 10 கி.மீ. வரையும், நகரப் புள்ளிகளை 2 கி.மீ. வரையும் தற்செயலாக நகர்த்தி வைக்கிறார்கள். மக்கள்தொகை ஆய்வுக்கு அது பொருந்தும். உப்பு ஆய்வுக்கு நாசம்: கடற்கரையிலிருந்து ஐந்து கிலோமீட்டர் நகர்ந்தால் உப்புத் தண்ணீர் நல்ல தண்ணீராகிவிடும், ஓர் உப்பாற்றுக்கு இந்தக் கரையில் இருந்த போர் அந்தக் கரைக்குப் போய்விடும். டெல்டாவில் உப்பு ஆய்வுக்குப் புள்ளியை நகர்த்தாமல், ஆய்வுக்குத் தேவையான தூரத்தை மட்டும் அடுக்காகக் கொடுப்பது நல்லது: கடலிலிருந்து 2 கி.மீ. அடுக்கில், அல்லது தலைமடை/இடைமடை/கடைமடை என்று. இரண்டு மூன்று துல்லியமான தூரங்களைச் சேர்த்துக் கொடுக்காதீர்கள். கடலிலிருந்து 4.7 கி.மீ., வாய்க்காலிலிருந்து 320 மீட்டர் என்று கொடுத்தால் வரைபடத்தில் இரண்டு கோடும் வெட்டும் இடத்தில் போர் உட்கார்ந்திருக்கும்.

அதே நேரம் மறைக்க வேண்டாததை மறைக்காதீர்கள். ஆற்று நீரளவு, மழை, சாலையோர மண் மாதிரி, அரசு கண்காணிப்புக் கிணற்றின் நீர்மட்டம் ஆகியவற்றில் யாருடைய ரகசியமும் இல்லை. இவற்றையும் ‘பாதுகாப்புக்காக’ பூட்டி வைப்பது சோம்பலுக்கு வைத்த நல்ல பெயர்.

ஊர்ப் பெயரோடு உப்புக் கணக்கு வெளியிடுவதில் தனி ஆள் யாரும் அடையாளப்படாவிட்டாலும், நிலத்தின் விலை விழலாம். இதற்கு எண்ணிக்கைச் சூத்திரம் கிடையாது. ஊர்க்காரர்களைக் கூட்டிக் கேட்டுவிட்டு, பெயரோடு போடுவதா, வாய்க்கால் தொகுதியாகப் போடுவதா என்று முடிவெடுங்கள்.

கோப்பைத் துடைத்தல்

தரவை இவ்வளவு யோசித்துப் பிரித்த பிறகு, கோப்பே காட்டிக்கொடுத்துவிடுவதுண்டு. எக்செல் கோப்பில் மறைத்து வைத்த நெடுவரிசை மறையவில்லை, இரண்டு சொடுக்கில் வந்துவிடும். இன்னும் மோசம், பிவட் டேபிள் தன் மூலத் தரவின் நகல் ஒன்றைக் கோப்புக்குள்ளேயே வைத்திருக்கும். மூலத் தாளை அழித்துவிட்டு அட்டவணையை மட்டும் அனுப்பினாலும், கூட்டுத்தொகை மீது இரண்டு முறை சொடுக்கினால் 360 வரிசையும் விரியும். ஆகவே எக்செல் கோப்பாக வெளியிடவே வேண்டாம். ‘சிஎஸ்வி யுடிஎஃப்-8’ என்ற வெறும் எழுத்துக் கோப்பு வகையில் சேமியுங்கள். வெறும் சிஎஸ்வி என்று சேமித்தால் தமிழ் எழுத்தெல்லாம் கேள்விக்குறியாகிவிடும். பழைய ஆய்வுகள் பாமினி போன்ற எழுத்துருக்களில் இருந்தால் முதலில் யூனிகோடுக்கு மாற்றுங்கள், இல்லாவிட்டால் திறந்த கோப்பை யாராலும் தேட முடியாது.

உள்ளுக்குள் வைத்திருக்கும் நான்காம் நிலைக் கோப்புக்கும் ஒரு எச்சரிக்கை. சர்வே எண் 12/3 என்று அடித்தால் எக்செல் அதைத் தேதியாக மாற்றிவிடும். தட்டச்சு தொடங்கும் முன்பே அந்த நெடுவரிசையை ‘டெக்ஸ்ட்’ ஆக்கிவிடுங்கள். பிறகு திருத்த முடியாது. 12/3 எது, 3/12 எது என்று கோப்புக்கே தெரியாது.

கோபோ டூல்பாக்ஸ் என்ற கள ஆய்வுச் செயலியில் எடுத்த ஆய்வென்றால், பேட்டி தொடங்கிய நேரம், முடிந்த நேரம், கருவி எண், கேட்டவரின் பயனர் பெயர் ஆகியவை கேட்காமலே கூட வரலாம். நேரத்தை வைத்தே தெருவில் எத்தனையாவது வீடு என்று சொல்லிவிடலாம். கைபேசியில் எடுத்த படங்களுக்குள் ஜிபிஎஸ் பதிந்திருக்கும், கோப்பின் பெயரிலேயே விவசாயி பெயர் இருக்கும், பின்னணியில் வீட்டு வாசலும் பைக் நம்பரும் இருக்கும். பேட்டியின் ஒலிப்பதிவில் குரலே அடையாளம். அது முதல், இரண்டாம் நிலைகளுக்குப் போகக் கூடாது. எழுத்தாக்கத்தைத் திறக்கலாம், ஆனால் ‘நம்ம பிரசிடெண்ட் மச்சான்’ மாதிரி வரும் இடங்களை ஓர் ஆள் உட்கார்ந்து வாசித்துத்தான் எடுக்க வேண்டும். தேடி மாற்றும் வசதிக்கு ‘மச்சான்’ பிடிபடாது.

எங்கே வைப்பது

நிறுவனத்துக்குச் சொந்தக் களஞ்சியம் இருந்தால் அங்கே. இல்லாவிட்டால் ஐரோப்பிய ஆய்வு மையமான செர்ன் நடத்தும் ஜெனோடோ என்ற இணையக் களஞ்சியம் போதும்: காசில்லை, டிஓஐ என்ற நிரந்தர அடையாள எண் கிடைக்கும், ஒரு பதிவுக்கு 50 ஜிபி வரை இடம் உண்டு, கோப்பைத் திறந்தும் கட்டுப்படுத்தியும் காலத்தடையோடும் வைக்கலாம். நிலைக்கு ஒரு பதிவு என்று தனித்தனியாகப் போட்டு, விளக்கத்தில் ஒன்றையொன்று சுட்டுங்கள். நான்காம், ஐந்தாம் நிலைக் கோப்புகளை எந்த இணையக் களஞ்சியத்திலும் ஏற்ற வேண்டாம், விளக்கம் மட்டும் போதும். திறந்த கோப்பை ஒருமுறை வெளியிட்டுவிட்டால், பிறகு எடுத்துவிட்டாலும் அதற்குள் நகல்கள் போயிருக்கும். வெளியிடுமுன் குழுவில் இல்லாத, ஆனால் அந்தப் பகுதியைச் சேர்ந்த ஒருவரிடம் கோப்பைக் கொடுத்து, ‘இதில் யாரையாவது கண்டுபிடியுங்கள்’ என்று ஒரு மணி நேரம் விடுங்கள். அவர் கண்டுபிடித்தால் மறுபடியும் எண்ணிக்கைக்குப் போக வேண்டியதுதான்.

முதல் நிலைக்கு உரிமம் சிசி பை 4.0 (மூலத்தைக் குறிப்பிட்டு யாரும் பயன்படுத்தலாம்) அல்லது சிசி சீரோ (நிபந்தனையே இல்லை). ‘வணிகப் பயன்பாடு கூடாது’ என்ற வகையைப் பலரும் பத்திரமாக இருக்கும் என்று போடுகிறார்கள். உழவர் உற்பத்தியாளர் நிறுவனமும் ஒரு நிறுவனம்தான். அது தயங்கி ஒதுங்கிவிடும். ‘மாற்றக் கூடாது’ என்ற வகையோ, வேறு தரவோடு இணைத்து வெளியிடுவதையே தடுத்துவிடும்.

கேட்டு வருகிறவருக்கு

மூன்றாம் நிலைக்கு மூன்று பேர் போதும்: ஆய்வுக் குழுவில் ஒருவர், வெளியிலிருந்து ஒருவர், ஆய்வு நடந்த ஊர்களிலிருந்து ஒருவர். விண்ணப்பத்தில் கேட்க வேண்டியது அதிகமில்லை. என்ன கேள்விக்கு, எந்தெந்த நெடுவரிசை, எங்கே வைப்பீர்கள், யார் யார் பார்ப்பார்கள். ‘எல்லா நெடுவரிசையும் வேண்டும்’ என்று வரும் விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பி, தேவையானதைப் பட்டியலிடச் சொல்லுங்கள். பாதிக்குப் பாதி இரண்டாம் நிலைக் கோப்பிலேயே தீர்ந்துவிடும். பதினைந்து வேலை நாளுக்குள் பதில் என்று அறிவித்து அதைக் காப்பாற்றுங்கள்.

ஒப்பந்தத்தில் விடக் கூடாதவை: ஆளை அடையாளம் காண முயலக் கூடாது, பட்டா, வாக்காளர் பட்டியல், வேறு எந்தப் பெயர்ப் பட்டியலோடும் சேர்த்துப் பார்க்கக் கூடாது, தற்செயலாக யாரையாவது தெரிந்துகொண்டால் வெளியிடாமல் நமக்குச் சொல்ல வேண்டும், 10க்குக் கீழான எண்ணிக்கையை வெளியிடக் கூடாது, இரண்டு ஆண்டு முடிந்ததும் அழித்துவிட்டு எழுதிக் கொடுக்க வேண்டும். கோப்பை 7-ஜிப்பில் ஏஇஎஸ்-256 பூட்டுப் போட்டு மின்னஞ்சலில் அனுப்புங்கள், கடவுச்சொல்லை போனில் சொல்லுங்கள். இரண்டும் ஒரே மின்னஞ்சலில் போனால் பூட்டி என்ன பயன்?

வேறு வகைத் தரவுகள்

கோடியக்கரைப் பறவைக் கூடுகள், கடலாமை முட்டையிடும் மணல் போன்றவற்றுக்கு 0.1 டிகிரி, அதாவது சுமார் 11 கி.மீ. கட்டம் திறந்த நிலைக்குப் போதும். துல்லியம் மூன்றாம் நிலையில். பாரம்பரிய நெல் வகைகளைப் பொறுத்தவரை வயலின் எண்கள் திறக்கலாம். விதை காத்தவரின் பெயரை மறைப்பதா, அவருக்கு உரிய பெருமையாகப் போடுவதா என்பதை அவரிடமே கேளுங்கள். பலர் பெயர் போடச் சொல்வார்கள். விதையோ அதைச் சார்ந்த அறிவோ வெளிநாட்டு நிறுவனத்துக்குப் போகுமானால் 2002ஆம் ஆண்டின் உயிரியல் பல்வகைமைச் சட்டம் குறுக்கே வரும். சென்னையில் உள்ள தேசியப் பல்லுயிர் ஆணையத்தின் அனுமதி தேவையா என்று முன்பே பாருங்கள்.

கோயில் செப்புத் திருமேனிகளின் படங்கள் விஷயத்தில் எல்லாரும் பூட்டத்தான் சொல்வார்கள். ஆனால் அரியலூர் மாவட்டத்து ஸ்ரீபுரந்தான் நடராசர் 2014இல் ஆஸ்திரேலியாவிலிருந்து திரும்பி வந்ததில், புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தின் பழைய நிழற்படங்கள் முக்கியச் சான்றாக உதவின. படத்தையும் அளவுகளையும் திறந்து வையுங்கள். சிலை எந்த அறையில், எப்படிப்பட்ட பூட்டுக்குப் பின்னால் என்பதை மட்டும் ஐந்தாம் நிலையில் வையுங்கள்.

விலகலும் கைமாற்றமும்

குலுக்கல் எண்ணையும் பெயரையும் இணைக்கும் திறவுகோல் கோப்பு ஒன்று இருக்கும். அதைத் தரவு இருக்கும் கணினியில் வைக்காதீர்கள். பூட்டிய இரண்டு பென் டிரைவ், இரண்டு வேறு ஆட்களிடம், இரண்டு வேறு இடத்தில். யாராவது விலகுவதாகச் சொன்னால் இந்தக் கோப்பைக் கொண்டுதான் அவருடைய வரிசையைக் கண்டெடுத்து நீக்க முடியும். திறந்த கோப்பிலிருந்து ஏற்கெனவே எடுத்துப்போன நகல்களைத் திரும்பப் பெற முடியாது என்பதை ஒப்புதல் வாங்கும்போதே சொல்லியிருக்க வேண்டும். மறுபடியும் அதே வீடுகளுக்குப் போகும் திட்டம் இல்லையென்றால், விலகுவதற்கான கடைசித் தேதி ஒன்றை அறிவித்து, அது முடிந்ததும் திறவுகோலை அழித்துவிடுங்கள்.

களஞ்சியப் பதிவில் தொடர்புக்குத் தனி ஆளின் மின்னஞ்சல் கொடுக்க வேண்டாம், துறையின் பொது முகவரி கொடுங்கள். திட்ட அலுவலர் மாறும் நாளில் மடிக்கணினியோடு ஒரு தாளும் கைமாற வேண்டும்: எந்தக் கோப்பு எந்த நிலையில், திறவுகோல் யார் யாரிடம், எந்த ஒப்பந்தம் எந்தத் தேதியில் முடிகிறது, பரிசீலனைக் குழுவின் மூவர் யார். அரைப் பக்கம்தான். புதிதாக வருகிறவர் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்ளட்டும்.